பதினொரு பேருக்கு ஒரே நம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நேற்றுக் காலையில்தான் போனில் கேட்டேன். வயிறு சரியாகிவிட்டது, இப்போது ரொட்டி இறங்குகிறது என்றாய். அப்படியே போனில் சொல்லி முடிக்க வேண்டியதை எதற்கு இந்தக் காலத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். எதற்குச் சரி என்றாய் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடிதத்தின் நடுவில் யாரும் சரிம்மா போட முடியாது. அதோடு, உன்னிடம் நான் சொன்ன மூன்று பொய்களை இதில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பொய் சொல்லப் போன் போதும். அதைத் திருத்துவதற்குத் தாள்தான் தோதாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மண்டபம், சமையல்காரர், உன் லீவு என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது நடுவில் நீ சொன்னாய்: "கல்யாணம் முடிஞ்சதும் கவிதா பேங்க் கணக்குலயும் என் நம்பரையே போட்டுருவோம்மா. எல்லாம் ஒரே போன்ல வந்தா வசதி." உன் அப்பா நகவெட்டியை நிறுத்தாமலே "நல்ல யோசனைலே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு அது சம்மதமாகக் கேட்டிருக்கும். இந்தக் கடிதம் அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதுதான்.

கவிதா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறாள். சம்பளம் அவள் கணக்கில் விழுகிறது. செய்தி அவள் போனுக்கு வருகிறது. இதனால் யாருக்காவது அசௌகரியம் ஏற்பட்டதாக நான் கேள்விப்படவில்லை. நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். கெட்ட எண்ணம் இருந்தால் ஸ்பீக்கரில் போட்டுச் சொல்லமாட்டாய். உலகம் இப்படித்தான் நடக்கிறது என்று நினைத்துச் சொன்னாய். அப்படி நினைக்க உன்னைப் பழக்கியது நான். எப்படிப் பழக்கினேன் என்பது உனக்கே பாதிதான் தெரியும்.

நீ பதினொன்றாம் வகுப்பு படித்தபோது நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் பேங்க் கணக்கு திறக்க முகாம் போட்டார்கள். நூறு நாள் வேலைச் சம்பளம் இனி கையில் வராது, கணக்கில்தான் ஏறும் என்று சொன்னதால் தெருவே வரிசையில் நின்றது. விண்ணப்பத்தில் கைபேசி எண் என்று ஒரு கட்டம். நம் வீட்டில் இருந்த போனை உன் அப்பா மில்லுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். டியூஷனுக்குப் போகிற பிள்ளை என்று உனக்கு ஒரு பழைய போன் வாங்கிக் கொடுத்திருந்தோம். நான் கொஞ்சமும் யோசிக்காமல், கொஞ்சம் பெருமையாகவே, "எம் மகன் நம்பரைப் போடுங்க சார்" என்றேன். பின்னால் நின்ற அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள் என் தோளை இடித்தாள். "ஏட்டி, எனக்கும் அதையே போடச் சொல்லு. எங்க வீட்டு மனுசன் போனை எங்க போட்டுட்டு வருவாருன்னு அவருக்கே தெரியாது." அவளுக்குப் பின்னால் ராமுத்தாய். "படிக்கிற பிள்ளை நம்பரு. பத்திரமா இருக்கும்." இப்படியே ஒருத்தி பின் ஒருத்தியாகப் பதினொரு பேர். அந்த அதிகாரி ஒன்பதாவது தடவை அதே எண்ணை எழுதும்போது பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா இது, கலெக்டரா?"

"இல்ல சார், பதினொண்ணாப்பு" என்றாள் பேச்சி.

மாலை ஆகிவிட்டது. அவருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்க வேண்டும். மீதி இரண்டு பேருக்கும் எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார். பதினாறு வயதில் நீ எங்கள் தெருப் பெண்களின் பேங்காக ஆனது அப்படித்தான். அன்று சாயந்திரம் உன்னிடம் சொன்னபோது நீ மார்பை நிமிர்த்திக்கொண்டாய். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதுதான் என் முதல் தப்பு.

கணக்கில் பணம் ஏறியதும் உன் போன் கீச்சென்று கத்தும். நீ வாசலில் நின்று, "பேச்சி சித்தி, நூறு நாள் சம்பளம் ஏறிருச்சு" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிப்பாய். நல்ல செய்தியை உரக்கச் சொல்வதில் என்ன தப்பு என்று நானும் இருந்துவிட்டேன். ஒருநாள் பேச்சி உன்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு வந்தா மட்டும் சத்தமாச் சொல்லாத சாமி" என்று கேட்டுக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீ கூவுகிற நாளிலெல்லாம் அவள் வீட்டுக்காரர் பஸ் நிறுத்தத்திலேயே அவளுக்காகக் காத்திருப்பாராம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. கையில் காசு கிடைத்தால் அவர் எங்கே போகிறவர் என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அதையும் நீ கூவுவதையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. எத்தனையோ புத்தகம் படித்து என்ன பிரயோசனம்.

நீ அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாய். நினைவிருக்கிறதா? பணம் வந்தால், "சித்தி, உங்க கோழி எங்க வீட்டுக்கு வந்துருச்சு" என்று கத்துவது. நல்ல யோசனைதான். ஆனால் பேச்சி வீட்டில் கோழியே கிடையாது. இரண்டாவது தடவை நீ கத்தியபோது அவள் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக் கொல்லையில் வந்து நின்றார். "எங்கலே கோழி?" நீ ஒரு நிமிடம் முழித்துவிட்டு, "இப்பத்தான் பறந்து போச்சு சித்தப்பா" என்றாய். அவர் பருத்திக் காட்டுப் பக்கம் போய் இருட்டுகிற வரைக்கும் தேடினார். அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர் பேச்சியிடம் கேட்ட ஒரே கேள்வி, "எனக்குத் தெரியாம எம்புட்டுக் கோழிடி வளக்க?" என்பதுதான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சொந்தச் சம்பளம் வந்த செய்தியைக் கோழியாக மாற்றித்தான் ஒரு பெண் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அப்புறம் நீ ராணுவத்துக்குப் போனாய். ஸ்டேஷனில் எல்லாரும் அழுதோம். பேச்சியும் ராமுத்தாயும் அழுததற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது என்பது அடுத்த வாரம்தான் புரிந்தது. பயிற்சியில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் கையில் தருவார்களாம். பதினொரு பேங்க் கணக்கும் உன்னோடு ரயிலேறிப் போய்ப் பெட்டிக்குள் பூட்டப்பட்டுவிட்டது.

பஞ்சாயத்து அலுவலகத்தில் செல்வி என்ற பெண் ஒரு சின்ன மிஷினோடு உட்கார்ந்து பேங்க் வேலையை ஊரிலேயே செய்து கொடுப்பாள், உனக்குத் தெரியும். கட்டைவிரலை வைத்தால் ரேகை பார்த்துப் பணம் தரும் மிஷின். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் என்னைப் போல ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கப் போகிறவர்கள். நாள் முழுக்கத் துணியை இழுத்து மடித்து மடித்து விரல் வழவழவென்று கண்ணாடியாகிவிட்டது. ஊரில் யாருக்கு அடிபட்டாலும் கட்டுப்போட எங்கள் துணி வேண்டும், ஆனால் அந்த மிஷின் எங்கள் விரலை மனித விரலாக ஒப்புக்கொள்ளாது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தோம். எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தோம். ராமுத்தாய் கால் பெருவிரலை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். "ரேகை விழலன்னா ஓடிபிதான் அக்கா" என்று செல்வி கையை விரித்துவிட்டாள். ஓடிபி வருவது உன் போனுக்கு.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணிக்கு செல்வியே மிஷினைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுவாள். பாய் விரித்துப் பதினொரு பேரும் உட்காருவார்கள். நீ கூப்பிடுவாய். "அம்மா, ஒண்ணு வந்துருக்கு. நாலு, ஒண்ணு, ஏழு..." "யாருக்குலே இது?" "பேரு போடலம்மா, கணக்கோட கடைசி நம்பருதான் இருக்கு." பதினொரு பேரும் பாஸ்புக்கை விரித்துக் கண்ணைச் சுருக்குவார்கள். "எனக்குத்தான் முதல்ல வரும், நான்தான முதல்ல வந்து உக்காந்தேன்" என்பாள் ராமுத்தாய். "இது என்னட்டி பஸ்ஸா, துண்டு போட்டு எடம் பிடிக்க?" என்பாள் பேச்சி. இந்தச் சண்டை முடிவதற்குள் அந்த எண் காலாவதியாகிவிடும். மறுபடியும் முதலில் இருந்து. ஒருநாள் பேச்சியின் எண்ணை ராமுத்தாய்க்குப் போட்டு, ராமுத்தாயின் எண்ணை எனக்குப் போட்டு, மிஷின் மூன்று பேரையும் அன்றைக்குப் பூட்டியே விட்டது. கடைசியில் நீ, "அம்மா, நேரம் முடிஞ்சு போச்சு, வச்சுரட்டுமா?" என்றாய். நீ சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன், வைத்துவிட்டாய். எத்தனையோ மாதம் உன் வாயிலிருந்து நான் கேட்டதெல்லாம் எண்கள்தான். மற்ற அம்மாக்கள் மகன் குரல் இளைத்திருக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தபோது, நான் ஏழா ஒன்றா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி முடிந்து போன் உன் கையிலேயே வந்ததும் எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைத்தோம். சுலபம்தான். அதோடு நீ ஒரு புதுப் பழக்கம் பிடித்தாய். அதற்குள் எனக்கென்று ஒரு போன் வந்திருந்தது. என் கணக்கிலிருந்து பணம் போனால் ஐந்தே நிமிடத்தில் அதில் கூப்பிடுவாய். "ஏம்மா, துணிக்கடையில எண்ணூறு ரூவாய்க்கு என்ன எடுத்த?" நீ அதட்டிக் கேட்டதில்லை. அக்கறையாகத்தான் கேட்டாய். நான் சம்பாதித்த காசுக்கு நான் எடுத்த பாவாடைத் துணியின் விலையை எல்லைக் காவலில் நிற்கிற மகனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் பதில் சொல்லும்போது என் குரல் தாழ்ந்து போவதைக் கவனித்தேன்.

இப்போது முதல் பொய். ஒன்றரை வருடத்துக்கு முன் ராஜபாளையத்தில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். வேலை விட்டு வருகிற வழியில் நுழைந்தேன். இரண்டு தடிப் புத்தகங்கள் வாங்கினேன். ஒன்று நாவல். இன்னொன்று ஆழ்கடல் பிராணிகளைப் பற்றியது, வண்ணப் படங்களோடு. நான் கடலை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், அதுவும் கரையில் நின்று. அட்டையில் இருந்த மீன் தன் தலைக்கு முன்னால் தானே ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு போனது. அதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. கார்டில் தேய்த்தேன், அறுநூற்று நாற்பது ரூபாய். பஸ் ஏறுவதற்குள் நீ கூப்பிட்டுவிட்டாய். "என்னம்மா அறுநூத்தி நாப்பது?" மீன் படத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "மருந்துலே" என்று சொல்லிவிட்டேன்.

நீ என்னிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நேராக உன் அப்பாவைக் கூப்பிட்டாய். "அம்மாவுக்கு என்னமோ பெருசா இருக்கு, நம்மட்ட மறைக்காங்க." உன் அப்பா மறுநாள் மில்லுக்கு லீவு போட்டார். இருபத்தைந்து வருடத்தில் எனக்காக அவர் போட்ட மூன்றாவது லீவு அது. முதல் இரண்டும் கல்யாணத்துக்கும் நீ பிறந்ததற்கும். என்னைப் பைக்கில் உட்காரவைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். "எப்பவும் இப்படித்தான் சார், ஒண்ணும் சொல்லமாட்டா" என்றார் உன் அப்பா. ஒன்றும் இல்லை என்கிற நோயாளியைத்தான் டாக்டர்கள் அதிகம் சந்தேகப்படுவார்கள் போலிருக்கிறது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று தாள் நிறைய எழுதிக்கொடுத்தார். பரிசோதனை நிலையத்தில் உன் அப்பா என் கார்டைத் தேய்த்தார். ரகசிய எண்ணை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அது அவர் பைக் நம்பர்தான். அந்த ரகசியம் நாள் முழுக்க நம் வாசலில்தான் நின்றுகொண்டிருக்கும்.

செய்தி உனக்குப் பறந்தது. ரத்தப் பரிசோதனை, ஆயிரத்துச் சொச்சம். அவ்வளவுதான், நீ அவசர லீவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டாய். உன் மேலதிகாரி உன்னைக் கூப்பிட்டு அம்மாவுக்கு என்ன வியாதி என்று கேட்டதாகவும், நீ கண் கலங்கியதாகவும் பின்னால் நீயே சொன்னாய். தம்பி, அந்த வியாதிக்கு ஒரு பக்கம் நாவல், ஒரு பக்கம் விளக்கு மீன். அதற்காக நீ இரண்டு நாள் ரயிலில் வரப் பார்த்தாய்.

எனக்கு ரத்தம் எடுத்த பெண் ஊசியைக் குத்துவதற்கு முன் முகத்தைப் பார்த்தாள். "என்ன செய்யுதும்மா உங்களுக்கு?" உன் அப்பா வெளியே பைக்குக்குக் காவல் நின்றார். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, முழுக் கதையையும் அவளிடம் சொல்லிவிட்டேன். புத்தகம், மருந்து, நீ, உன் அப்பா போட்ட லீவு, எல்லாம். அவள் சிரித்ததில் ஊசி பிடித்த கை ஆடியது. "செத்த நேரம் பொறுங்கம்மா, சிரிச்சுக்கிட்டே குத்தினா நரம்பு தப்பிரும்" என்று ஊசியைக் கீழே வைத்தாள். அப்புறம் நிதானமாகக் கேட்டாள்: "ரத்தத்துல என்னம்மா இருக்கு? பேங்க்ல போயி நம்பரை மாத்துங்க. ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டு போயி ஒரு பாரம் எழுதிக் குடுத்தாப் போதும்." எனக்கு அதுவரை அப்படி ஒன்று முடியும் என்றே தெரியாது. பிறந்தபோது வைத்த பெயர் மாதிரி, அந்த எண்ணும் கடைசி வரைக்கும் கூட வரும் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெண்தான் கவிதா. "சொந்தத்துல ஒருத்தர் சொன்னாங்க" என்று உன்னிடம் நான் சொன்னது இரண்டாவது பொய். யாரும் சொல்லவில்லை. ரிப்போர்ட் வாங்கப் போன அன்று அவள் வீடு, ஊர், அம்மா பெயர் எல்லாம் நானே விசாரித்துக்கொண்டு வந்தேன். என் உடம்பில் எல்லாம் சரியாக இருந்தது. அதில் உன் அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. இத்தனை செலவுக்கு ஏதாவது ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்.

அடுத்த வாரம் பதினொரு பேரும் ஒன்றாக லீவு போட்டோம். பேண்டேஜ் கம்பெனி சூப்பர்வைசர் மயக்கம் போடாத குறை. டவுன் பஸ்ஸில் நல்ல சேலைகளாக ஏறியதைப் பார்த்துக் கண்டக்டர், "என்னக்கா, கல்யாணமா?" என்றார். "இல்ல தம்பி, மகன்கிட்ட இருந்து பாகம் பிரிக்கப் போறோம்" என்றாள் பேச்சி. பேங்கில் கவுன்ட்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தான். "பதினொரு பேருக்கும் ஒரே நம்பரா? யாருங்க இவரு?" "எங்க மகன்." "எல்லாருக்குமா?" "ஆமா சார். ஒருத்தி பெத்தா, பத்துப் பேரு உபயோகப்படுத்தினோம்" என்றாள் ராமுத்தாய். நான் விண்ணப்பத்தோடு காரணம் என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "என் மகனுக்கு ராணுவத்தில் வேலை அதிகம்" என்று ஆரம்பித்திருந்தேன். அவன் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆனா நாங்க காரணமே கேக்கலையே" என்றான். எனக்கு அது பெரிய அதிர்ச்சி. காரணம் சொல்லாமல் ஒரு காரியம் செய்யலாம் என்று நாற்பத்தைந்து வயதில் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் அழகாக முடிந்தது என்று எழுதினால் அது நாலாவது பொய்யாகிவிடும். பதினொரு பேரில் மூன்று பேருக்குச் சொந்தப் போன் இல்லை, அவர்கள் வீட்டுக்காரர் நம்பரைத்தான் கொடுத்தார்கள். பேச்சி ஒரு பட்டன் போன் வாங்கி, சத்தத்தை அணைத்து, டிபன் பைக்குள் வைத்திருக்கிறாள். வீட்டில் அதை வெளியே எடுப்பதில்லை. ஆனால் அவளுக்குச் சம்பளம் ஏறியது இப்போது அவளுக்கு மட்டும்தான் முதலில் தெரியும். எனக்கு முதல் செய்தி துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. என் போன், என் கணக்கு, என் கூலி. வேறொன்றும் இல்லை, மூன்று வரி. மேசைக்கு அடியில் வைத்து இரண்டு தடவை படித்தேன். ரகசிய எண்ணையும் மாற்றிவிட்டேன். புது எண்ணை இந்தக் கடிதத்திலும் எழுதமாட்டேன்.

"ஏம்மா, மெசேஜே வரமாட்டேங்குது, ஒனக்குச் சம்பளம் போடலியா?" என்று நீ கேட்டபோது, "டவர் சரியில்ல போலலே" என்றேனே, அது மூன்றாவது பொய். ஒன்றரை வருடமாக டவர் நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்று பயந்தேன். அம்மா என்னை நம்பவில்லை என்று நினைப்பாயோ என்றுதான் பயம். நம்பிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை தம்பி. உன்னை நம்பித்தான் உன்னைப் பெற்று, படிக்கவைத்து, துப்பாக்கியைக் கையில் கொடுக்கும் இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். மீன் படம் வாங்கியதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை வைத்துக்கொள்ள ஒரு இடம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். "இப்ப எங்க பாத்தாலும் மோசடி, யாரோ பேசி ஓடிபி வாங்கிருவான், கவிதா ஏமாந்துட்டா?" என்பாய். அப்படியானால் ஒன்று சொல்கிறேன், உன் அப்பா சொல்லக்கூடாது என்றார். போன தையில் பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவன் அவரைக் கூப்பிட்டான். அவன் பேச்சுக்குப் பேச்சு "சார், சார்" என்றானாம். மில்லில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. எண்ணைச் சொல்லிவிட்டார். நாலாயிரம் போனது. "ரொம்ப மரியாதையான பையன்டி" என்று இன்றைக்கும் சொல்கிறார். அதே வாரம் அதே மாதிரி ஒரு போன் பேச்சிக்கும் வந்தது. "பேங்க் மேனேஜர் பேசுறேன்" என்றானாம். "ஏலே, எங்க மேனேஜரு பொம்பளையில்லா? ஒனக்கு எப்பலே மீசை மொளச்சது?" என்று கேட்டு வைத்துவிட்டாள். நம்பர் யார் பேரில் இருந்தால் பத்திரம் என்பதை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

வசதி என்றாய். யாருக்கு வசதி என்று மட்டும் கேட்டுப் பார். பெண்களின் பணம் உன் சட்டைப்பையில்தான் சத்தம் போடும் என்று நினைத்தே நீ வளர்ந்துவிட்டாய். பதினொரு பேரை வரிசையில் நிறுத்தி அப்படி நினைக்கவைத்தது நான். அன்றைக்கு முகாமில் அந்தக் கைபேசி எண் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது என்றார்கள். ஒரு மாதம் கூலியைச் சேர்த்து எனக்கென்று ஒரு போன் வாங்கிவிட்டு வந்து நிரப்பியிருக்கலாம். தோன்றவில்லை. உன் வீட்டில் அந்தத் தப்பை முதலிலிருந்து தொடங்காதே. கவிதாவுக்கு என்ன வந்தது, என்ன போனது என்று தெரிய வேண்டுமென்றால் அவளிடம் கேள். சொன்னால் கேட்டுக்கொள். சொல்லாவிட்டால் அவளும் ஏதோ மீன் படம் வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்.

இதை எல்லாம் நானாகவே எழுத உட்காரவில்லை. முந்தாநாள் கவிதா கூப்பிட்டாள். உன் யோசனையை நீ அவளிடமும் சொல்லிவிட்டாயாம். "அத்தை, அவிய இப்படிச் சொல்லுதாவ. நான் என்ன சொல்லட்டும்?" என்றாள். என்னைப் பேங்குக்கு அனுப்பியவளே என்னிடம் கேட்கிறாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. "நீ என்ன சொல்லலாம்னு இருக்க?" என்று கேட்டேன்.

"சரின்னு சொல்லிருவோம்னு இருக்கேன் அத்தை. ஆனா அதே நாள்ல அவிய கணக்குல என் நம்பரைப் போட்டுருவோம். கேன்டீன்ல என்ன வாங்குதாவ, கூட்டாளிக்கு எம்புட்டுக் கொடுக்காவ, எல்லாம் எனக்கு ஊசி போடுத நேரத்துல கீச்சு கீச்சுன்னு வரட்டும். அஞ்சு நிமிசத்துல கூப்பிட்டுக் கேப்பேன். அவியளுக்கும் வசதிதான?"

கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். உன் அப்பா என்னவென்று வந்து கேட்டார், சொல்லவில்லை. அவள் குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் அதற்கு அடியில், நீ சரி என்றால் மறுநாளே பாரத்தோடு பேங்கில் நிற்கக்கூடிய ஒரு நிதானமும் இருந்தது. "முதல்ல நான் ஒரு லெட்டர் போடுதேன்" என்றேன். "போடுங்க அத்தை. அது போய்ச் சேருத வரைக்கும் நான் இந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். பொறவு நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.

எனவே உனக்கு இருக்கும் அவகாசம், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததிலிருந்து அவள் போன் வரும் வரைக்கும்தான். அவள் கேட்பதற்கு முன் நீயே கூப்பிட்டு, "உன் கணக்கு உன் நம்பர்லயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால், அவள் சரி என்று மட்டும் சொல்வாள், கல்யாணச் சேலை நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். நான் எழுதியது உனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, அவள் சொல்லப்போவதற்கு இது எவ்வளவோ தேவலாம்.

நாளைக் காலையில் வேலைக்குப் போகும்போது இதை விரைவு அஞ்சலில் சேர்க்கிறேன். கட்டணத்தை என் போனிலேயே கட்டிவிடுவேன். அதற்கு உனக்கு மெசேஜ் வராது. கடிதம் மட்டும் வரும்.

அன்புடன்,
அம்மா